சிலிண்டர் முத்தாபுதுப்பேட்டையில்... ஓடிபி கோயம்புத்தூரில்!

காலை பத்தரை மணி. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து இறங்குகிறது. கொண்டுவந்தவர், "நம்பர் சொல்லுங்கம்மா" என்கிறார்.

அந்த நம்பர் வீட்டில் இல்லை. சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, கோயம்புத்தூர் குறிச்சி தொழிற்பேட்டையில், ஒரு பட்டறை முதலாளியின் எதிரே உட்கார்ந்து விலை பேசிக்கொண்டிருக்கும் கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது.

"ஏங்க, சிலிண்டர் வந்திருக்கு. நம்பர் கேக்குறாரு."

"பார்ட்டிகிட்ட பேசிட்டிருக்கேம்மா... ஒரு நிமிஷம் இரு, பாத்துச் சொல்றேன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து மெசேஜ்களைத் தேடுகிறார். பேங்க் மெசேஜ், ரீசார்ஜ் விளம்பரம், ரயில் டிக்கெட், இன்னொரு பேங்க் மெசேஜ்... எங்கே அந்த நம்பர்? வாசலில் நிற்பவர் அடுத்த தெருவைப் பார்க்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர் ஒருவர் இருக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். முத்தாபுதுப்பேட்டை போன்ற ஊர்களில் அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் விமானப்படை நிலையம், சற்றுத் தள்ளி ஆவடியில் டேங்க் தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை, ரயிலில் நாலைந்து ஸ்டேஷன் போனால் 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. போல்ட், நட்டு, ரப்பர் வாஷர், இன்ஜின் உதிரிபாகம் என்று இந்தப் பக்கம் தயாராகும் சரக்கை ஓசூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் எடுத்துப்போய் விற்றுவிட்டு வருகிறவர்கள் இங்கே நிறைய.

சிலிண்டர் விஷயத்தைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். ஆனால், ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு அந்தப் போன் அவர் சட்டைப்பையில் இல்லாமல் போயிருந்தால், சிலிண்டரோடு சேர்ந்து இன்னும் எதெல்லாம் நின்றுபோயிருக்கும்?

பை காலியானது, போன் நிரம்பியது

இரண்டு தலைமுறைக்கு முன் சரக்கு விற்கப் போனவரின் கைப்பையைத் திறந்தால் என்னென்ன இருக்கும்? கார்பன் தாள் வைத்த ஆர்டர் புத்தகம். விலைப்பட்டியல். முகவரி எழுதிய டைரி. ரயில் டிக்கெட். உள்பையில் பணம். சட்டைப்பையில் எஸ்.டி.டி பூத்துக்கான சில்லறை. இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால், சாப்பிட்டுவிட்டு மஞ்சள் போர்டு வைத்த பூத்தில் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசிய காலம் அது.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று போனது. மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். நமக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. 2003-ல்தான் இன்கமிங் இலவசமானது. விற்பனைப் பிரதிநிதிகளின் இடுப்பில் செல்போன் உறை பரவலாகத் தொங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அதன் பிறகு கைப்பையில் இருந்தவை ஒவ்வொன்றாகப் போனுக்குள் குடிபோயின. ரயில் டிக்கெட்டை இணையத்தில் எடுக்கும் வசதி 2002-ல் வந்தபோது, எடுத்த டிக்கெட் கூரியரில்தான் வீட்டுக்கு வந்தது. பின்னாளில் போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்ஸே டிக்கெட் ஆனது. 2015-ல் எழும்பூர் - தாம்பரம் மின்சார ரயிலில் காகிதமில்லா டிக்கெட் வந்தது. அதே ஆண்டு டிஜிலாக்கர் வந்தது. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ அறிமுகமானது. அந்த நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வர, பணப்பையும் மெல்லப் போனுக்குள் போனது. 2018-ல் சரக்கு லாரிக்கான இ-வே பில்லும், சிறு வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸும் வந்தன. 2025 ஜூலை 1 அன்று, முன்பதிவு டிக்கெட், மின்சார ரயில் டிக்கெட், புகார் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து 'ரயில்ஒன்' ஆப்பை ரயில்வே வெளியிட்டது.

ஒவ்வொரு வசதியும் தனித்தனியாகப் பார்த்தால் நல்லதுதான். ஆனால், யாரும் உட்கார்ந்து திட்டமிடாமலே வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோ சாவி, வண்டிச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டுவிட்டன. அந்த வளையம் இரவு ரயிலில் தலையணைக்கு அடியில் தூங்குகிறது.

ஒரு நாள், ஒரு போன்

கோவைக்குப் போகும் அந்த மனிதரின் ஒரு நாளைப் பாருங்கள்.

மாலையில் ஆவடி வரை ஷேர் ஆட்டோ. கட்டணம் யு.பி.ஐ-யில். ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயில். டிக்கெட் போனில். இரவு 10 மணிக்கு சேரன் எக்ஸ்பிரஸ். அந்த டிக்கெட்டும் போனில். டி.டி.இ கேட்டால் காட்ட வேண்டிய ஆதாரும் போனில்.

படுக்கையை விரிக்கும் நேரத்தில் லாரி டிரைவர் கூப்பிடுகிறார். வழியில் வண்டி ரிப்பேர், வேறு வண்டிக்குச் சரக்கை மாற்ற வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் வேண்டும். அதில் எந்த வண்டியில் சரக்கு போகிறதோ அந்த வண்டியின் நம்பர் இருக்க வேண்டும். மாற்றாமல் போனால் வழியில் சோதனையில் மாட்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பில்லுக்கு ஆயுள். சென்னை - கோவைக்கு மூன்று நாள். வண்டி படுத்துக்கொண்டால் அந்தக் கணக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே, பெர்த்தில் சாய்ந்தபடி போனிலேயே போர்ட்டலுக்குள் போய் வண்டி நம்பரை மாற்றுகிறார். அதற்குள் நுழைய ஓடிபி வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு வியாபாரிகள் உட்பட எல்லோருக்கும் இது கட்டாயம்.

காலையில் லாட்ஜ். அடையாள அட்டை காட்டி அறை எடுக்கிறார். பிறகு கூகுள் மேப் பார்த்துப் பட்டறை. சாம்பிள் படங்கள் வாட்ஸ்அப்பில். கொட்டேஷன் பி.டி.எஃப்பாக. ஆர்டர் வாய்ஸ் மெசேஜாக. அட்வான்ஸ் யு.பி.ஐ-யில். இதற்கு நடுவில்தான் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சிலிண்டர் அழைப்பு.

இரவு பத்து மணிக்கு முதலாளியிடமிருந்து ஒரு மெசேஜ்: "இன்னிக்கு எத்தனை பார்ட்டி பாத்தீங்க?" போன் கையில் இருக்கும்வரை வேலைநேரம் முடிவதில்லை. வேலைநேரத்துக்குப் பிறகு வரும் அலுவலக அழைப்புகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாடாளுமன்றத்தில் 2018-ல் தனிநபர் மசோதாவாக வந்ததோடு சரி, சட்டமாகவில்லை.

ஆக டிக்கெட், பணம், அடையாளம், ஆபீஸ், முதலாளி, வீடு என்று ஆறு சுமை. தூக்குவது ஒரே போன்.

போன் போனால்?

முதலில் சின்னப் பிரச்னை: சார்ஜ் தீர்ந்துபோவது.

ரயில் பெட்டியில் சார்ஜிங் பாயின்ட் இருக்கிறது என்று நம்பிப் பலர் ஏறுகிறார்கள். தீ விபத்தைத் தவிர்க்க, இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை அந்த பாயின்ட்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பது ரயில்வேயின் ஏற்பாடு. 10 மணிக்கு ரயில் ஏறுகிறவருக்கு, அந்த ஒரு மணி நேரம்தான் கணக்கு. 15 சதவிகிதத்தோடு ஏறியவர், விடியும்போது இருண்ட திரையோடுதான் இறங்குவார்.

போனில் எடுத்த மின்சார ரயில் டிக்கெட்டை, பரிசோதகர் கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாத பயணம்தான். சார்ஜ் இல்லை என்ற காரணம் எடுபடாது. கட்டணத்தோடு குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதம்.

முன்பதிவு டிக்கெட்டில் நிலைமை வேறு. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். எஸ்.எம்.எஸ்ஸையோ இ-டிக்கெட்டையோ காட்ட முடியாவிட்டாலும், பெயர் சார்ட்டில் இருந்து, அசல் அடையாள அட்டை கையில் இருந்தால், 50 ரூபாய் கட்டிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். அடையாள அட்டை இல்லையென்றால்தான் டிக்கெட் இல்லாதவராகக் கருதப்படுவார். அதாவது, போன் செத்துப்போன இரவில் சட்டைப்பையில் இருக்கும் ஓர் அட்டை, கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டைவிடப் பெரியது.

டிஜிலாக்கரில் உள்ள ஆதார், ஓட்டுநர் உரிமம் இரண்டையும் ரயில்வே 2018 முதல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால், அரசுத் துறை நேரடியாக வழங்கியதாக அதில் வரும் ஆவணம்தான் செல்லும். நாமே போட்டோ எடுத்து அதில் ஏற்றிவைத்தது செல்லாது. கேலரியில் இருக்கும் ஆதார் போட்டோவும் அப்படியே.

24 மணி நேரக் கணக்கு

இப்போது பெரிய பிரச்னை. போன் தொலைந்துவிட்டது. கோவை ஸ்டேஷனில் இறங்கிப் பையைத் தடவிப் பார்க்கிறார், இல்லை.

"அதனாலென்ன? டூப்ளிகேட் சிம் வாங்கி, பழைய போன் ஒன்றில் போட்டுக்கொண்டால் போச்சு" என்று தோன்றும். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விதி குறுக்கே வருகிறது.

சிம் மாற்றினால், புது சிம் உயிர்பெற்ற பின் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ் வராது, போகாது. பேசலாம்; ஓடிபி மட்டும் வராது. மோசடிக்காரர்கள் நம் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடாமல் இருக்க, தொலைத்தொடர்புத் துறை போட்டிருக்கும் பூட்டு அது. நல்ல பூட்டுதான். ஆனால், வெளியூரில் நிற்கும் நிஜமான சொந்தக்காரருக்கும் அதே பூட்டுதான்.

ஓடிபி இல்லையென்றால் நெட் பேங்கிங் இல்லை. இ-வே பில் போர்ட்டலுக்குள் எஸ்.எம்.எஸ் மூலம் நுழைய முடியாது. யு.பி.ஐ ஆப்பைப் புதுப் போனில் பதிவு செய்யவே அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ் போயாக வேண்டும், அதுவும் முடியாது. ஒருவழியாகப் பதிவு செய்த பிறகும், புதுப் போனில் முதல் 24 மணி நேரத்துக்கு வழக்கமாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்குப் போன் தொலைந்தது தெரிகிறது. கடை திறந்து சிம் வாங்க 11 மணி. அது வேலை செய்ய மதியம் ஆகலாம். ஓடிபி வருவது மறுநாள் மதியம். அதுவரை லாட்ஜ் வாடகை, சாப்பாடு, ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாவற்றுக்கும் கையில் என்ன இருக்கிறதோ அதுதான். வழியில் நிற்கும் லாரிக்கும், வாசலில் நிற்கும் சிலிண்டருக்கும் பதில் சொல்ல ஆளில்லை.

இதில் திருடனுக்கு மட்டும் 24 மணி நேரத் தடை கிடையாது. தொலைந்த போனிலிருந்து பழைய சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டால், நாம் அதை முடக்கும்வரை ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். அதனால், போன் தொலைந்தவுடன் வரும் முதல் ஒரு மணி நேரம் பொன்னானது.

முதல் ஒரு மணி நேரம்

பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி, இந்த வரிசையில் செய்ய வேண்டும்.

முதலில் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசி சிம்மை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து வங்கிக்குப் பேசி யு.பி.ஐ, மொபைல் பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றாவது, ஏதாவது ஒரு பிரவுசரில் கூகுள் கணக்குக்குள் போய் (ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கு) தொலைந்த போனைத் தூரத்திலிருந்தே பூட்டுங்கள். வேலை முடிந்ததும் அந்தப் போனிலிருந்து உங்கள் கணக்கை வெளியேற்றிவிட மறக்க வேண்டாம்.

ரயிலில் தொலைந்தது என்றால் 139 எண்ணிலோ, 'ரயில் மதத்' ஆப்பிலோ புகார் சொல்லலாம். பிறகு போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனின் ஐ.எம்.இ.ஐ எண்ணை முடக்கக் கோரலாம். அதன் பிறகு எந்த நிறுவன சிம் போட்டாலும் அந்தப் போன் நாட்டில் வேலை செய்யாது. போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் தடையை நீக்கிக்கொள்ளலாம்.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்றால், வேறு எதையும் யோசிக்காமல் 1930. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் இது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

படிக்கும்போது எளிதாக இருக்கிறது. ஆனால், வங்கியின் உதவி எண், ஐ.எம்.இ.ஐ எண், மனைவியின் போன் நம்பர் மூன்றும் எங்கே இருக்கின்றன? தொலைந்த போனுக்குள். மனைவியின் நம்பரை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த கணவர்கள் எத்தனை பேர் என்று இன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டின் சுமையை இறக்கிவையுங்கள்

தொழில் சம்பந்தப்பட்டவை அவர் போனில் இருப்பதில் நியாயம் உண்டு. கேஸ் சிலிண்டருக்கு அங்கே என்ன வேலை?

கனெக்ஷன் அவர் பெயரில். பதிவு செய்த நம்பர் அவருடையது. கரன்ட் பில் மெசேஜும், பிள்ளைகளின் பள்ளி மெசேஜும், வீட்டுச் செலவுக் கணக்கின் ஓடிபியும் அவருக்கு. வீட்டில் இருந்து இதையெல்லாம் நடத்துகிறவருக்கு ஒரு மெசேஜும் வராது. குடும்பத் தலைவர் மாதத்தில் 15 நாள் வெளியூரில் என்றால், அந்த 15 நாளும் வீடு ஓடிபி கேட்டு அவரைத் துரத்திக்கொண்டிருக்கும்.

இதை மாற்றப் பெரிய முயற்சி தேவையில்லை. கேஸ் ஏஜென்சியில் சொல்லிப் பதிவு எண்ணை, வீட்டில் இருப்பவரின் எண்ணாக மாற்றலாம். கரன்ட் பில்லுக்கும் பள்ளிக்கும் அப்படியே. வீட்டுச் செலவுக்குத் தனியாக அவர் பெயரிலேயே ஒரு கணக்கு, அவர் போனிலேயே யு.பி.ஐ. அது முடியாதவர்களுக்கு 2024-ல் வந்த 'யு.பி.ஐ சர்க்கிள்' இருக்கிறது. ஒருவரின் கணக்கிலிருந்து, அவர் அனுமதித்த இன்னொருவர் தன் போனிலிருந்து பணம் செலுத்தலாம். முழு அனுமதி கொடுத்தால் மாதம் 15,000 ரூபாய் வரை, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை.

தொழிலிலும் சுமையைப் பிரிக்கலாம். இ-வே பில் போர்ட்டலில் துணைப் பயனர் என்ற வசதி உண்டு. ஆபீஸில் இருக்கும் ஒருவரை அவருடைய நம்பரோடு சேர்த்துவிட்டால், வண்டி மாறும்போது ரயிலில் இருப்பவரைத் தேட வேண்டாம். வாட்ஸ்அப்பை ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் இணைத்து வைத்தால், போன் அணைந்து கிடந்தாலும் ஆர்டர் மெசேஜ்களைச் சில நாட்களுக்கு அங்கே பார்க்க முடியும்.

இன்னொன்று, வீட்டில் இருப்பவர்களுக்கு. கணவர் ரயிலில் போகும்போது சிக்னல் இல்லாத நேரங்கள் வரும். அந்த நேரம் பார்த்து, தெரியாத எண்ணிலிருந்து, "உங்க வீட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட், உடனே பணம் அனுப்புங்க" என்று ஓர் அழைப்பு வந்தால்? பதறிப்போய் அனுப்பிவிடுவது மனித இயல்பு. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி ஊர்ப் பெயரோ, பிள்ளையின் செல்லப் பெயரோ. உண்மையிலேயே அவசரம் என்றால், அவர் சார்பாகப் பேசுகிறவர் அந்த வார்த்தையைச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் பணம் கிடையாது.

புறப்படும் முன் அரை மணி நேரம்

அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது, இவற்றையும் செய்துவிடுங்கள்.

1. அசல் அடையாள அட்டை ஒன்று, ஏ.டி.எம் கார்டு ஒன்று, இரண்டு நாள் செலவுக்கான ரொக்கம். மூன்றும் போன் உறைக்குள் வேண்டாம். போனோடு சேர்ந்து அவையும் போய்விடும்.

2. ஒரு துண்டுச்சீட்டில் மனைவி அல்லது அம்மாவின் நம்பர், வங்கி உதவி எண், சிம் நிறுவன எண், 139, 1930, பி.என்.ஆர் எண், ஐ.எம்.இ.ஐ எண். போனில் *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ தெரியும். இந்தச் சீட்டின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். பின் நம்பர், பாஸ்வேர்டு எதையும் சீட்டில் எழுத வேண்டாம்.

3. சிம்முக்குப் பின் பூட்டு. செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று இருக்கும். போட்டுவிட்டால், சிம்மை வேறு போனில் மாற்றினாலும் பின் நம்பர் இல்லாமல் வேலை செய்யாது. முதல்முறை போடும்போது நிறுவனத்தின் ஆரம்ப பின் நம்பரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். மூன்று முறை தப்பாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க நிறுவனத்திடம் 'பி.யு.கே' எண் வாங்க வேண்டும்.

4. பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாதபடி மாற்றுங்கள். போனைத் திறக்காமலே ஓடிபியைப் படிக்க முடிகிறது என்றால், பூட்டியும் பயனில்லை.

5. வாட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' பின் நம்பர். சாட்களுக்கு பேக்கப்.

6. பவர் பேங்க். விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-ஹவர் வரை சிக்கல் இல்லை. கடையில் 20,000 எம்.ஏ.எச் என்று விற்பது, 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-ஹவர்தான். 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பறக்கும்போது அதைப் பயன்படுத்தச் சில நிறுவனங்கள் தடை போட்டிருக்கின்றன, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பொது இடத்தில் இருக்கும் யு.எஸ்.பி சார்ஜிங் போர்ட்டில் கேபிளை நேரடியாகச் செருகுவதைத் தவிருங்கள். அதன் வழியே தகவல் திருடப்படலாம் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறது. சொந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுவது நல்லது.

8. பார்ட்டியின் முகவரி, லாட்ஜ் பெயர், திரும்பும் ரயில் விவரம். மூன்றையும் வீட்டுக்கு ஒரு மெசேஜாக அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு வேலைக்கு மூன்று, நான்கு நிமிடம் என்று வைத்தாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தொலைந்தபின் காத்திருக்க வேண்டிய 24 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய முதலீடு.

பழைய காலத்து வியாபாரிகள் பணத்தை ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள். கொஞ்சம் உள்பையில், கொஞ்சம் இடுப்பில், கொஞ்சம் பெட்டியின் அடியில். ஒன்று போனாலும் ஊர் திரும்ப மற்றது இருக்கும். அந்தப் பழக்கம் போனுக்கும் வேண்டும்.

அடுத்த மாதம் அதே காலை, அதே பத்தரை மணி. முத்தாபுதுப்பேட்டையில் வாசலில் சிலிண்டர் வந்து இறங்குகிறது. "நம்பர் சொல்லுங்கம்மா." வீட்டுக்காரம்மா தன் போனைப் பார்த்துச் சொல்கிறார். வேலை முடிந்தது. கோயம்புத்தூரில் கணவர் விலை பேசிக்கொண்டிருக்கிறார். அவர் போன் அடிக்கவேயில்லை.

ராத்திரி அவர் கூப்பிடும்போது, சிலிண்டரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க நேரம் இருக்கிறது.